கீப்பர் கையுறையைக் கழற்றியவர்கள்

செம்மேட்டில் யாரையாவது நிறுத்தி பேஸ்பால் என்று சொன்னால், "அது அமெரிக்காக்காரன் ஆடுறதுங்க, உருட்டுக்கட்டையால அடிப்பான்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பணி ஓய்வு பெறும்வரை எனக்கும் அதற்கு மேல் தெரியாது. 2014ல் வந்த 'மில்லியன் டாலர் ஆர்ம்' என்ற ஆங்கிலப் படத்தை, இசை ஏ.ஆர். ரஹ்மான் என்பதற்காக என் மகன் ஒருநாள் போட்டுக் காட்டினான். படம் சுமார்தான். அதற்குப் பின்னால் இருந்த நிஜக் கதை மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. அதைத் துருவப் போய், கடைசியில் நம்ம சென்னை லீகில் வந்து நின்றேன். எப்படி என்று சொல்கிறேன். கொஞ்சம் சுற்றுவழி. கொல்லிமலைக்காரர்களுக்கு வளைவு ஒன்றும் புதிதல்லவே!

முதலில் அந்த நிஜக் கதை. 2008ல் அமெரிக்காவிலிருந்து ஜே.பி. பெர்ன்ஸ்டைன் என்ற விளையாட்டு ஏஜென்ட் இந்தியா வந்து ஒரு போட்டி நடத்தினார். யார் வேண்டுமானாலும் வரலாம், பேஸ்பாலை வேகமாக, குறி தவறாமல் எறிய வேண்டும். முப்பத்தேழாயிரம் பேருக்கு மேல் எறிந்து பார்த்தார்கள். உத்தரப்பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங் முதலிடம், அவர் எறிந்த வேகம் மணிக்கு 140 கிலோமீட்டர். தினேஷ் படேல் இரண்டாமிடம். இருவரும் ஈட்டி எறிபவர்கள். அதுவரை பேஸ்பாலைக் கையால் தொட்டதில்லை. அமெரிக்காவுக்கு அழைத்துப்போய், டாம் ஹவுஸ் என்ற புகழ்பெற்ற பயிற்சியாளரிடம் விட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலில் ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியர்கள் இவர்கள்தான். ரிங்கு முதன்முதலாகக் களமிறங்கிய நாள் 2009 ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தினம்.

படம் ஏறக்குறைய ஒப்பந்தத்தோடு முடிந்துவிடும். வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது. பைரேட்ஸ் ஒப்பந்தம் என்றால் பைரேட்ஸ் அணியில் ஆடுவது என்று அர்த்தமில்லை. அதற்குக் கீழே படிப்படியாகச் சில லீக்குகள் உண்டு. கற்றுக்குட்டிகளுக்கு ரூக்கி லீக், பிறகு சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, ட்ரிபிள் ஏ. இவை எல்லாம் சேர்ந்து மைனர் லீக். உச்சியில் இருப்பது மேஜர் லீக். மைனர் லீக் பையன்கள் சின்னச் சின்ன ஊர்களில் ஆடுவார்கள், இரவெல்லாம் பஸ்ஸில் போவார்கள், ஒரே வீட்டில் ஐந்தாறு பேர் தங்குவார்கள். சம்பளம் சொற்பம். அவர்களுக்கென்று முதல் தொழிற்சங்க ஒப்பந்தம் கையெழுத்தானதே 2023ல்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பணக்கார நாட்டிலும் அடிமட்ட விளையாட்டுக்காரன் நிலை அதுதான். பெரும்பாலானவர்கள் உச்சிக்குப் போகாமலே ஊர் திரும்புகிறார்கள். தினேஷ் 2010 இறுதியில் விடுவிக்கப்பட்டு இந்தியா திரும்பினார். ரிங்கு சிங்கிள் ஏ வரை ஏறினார். பிறகு அடுத்தடுத்துக் காயங்கள். 2018ல் அவர் டபிள்யூ.டபிள்யூ.இ. மல்யுத்தத்துக்குப் போய்விட்டார்.

இந்த மைனர் லீக்கைப் பற்றிப் படித்துக்கொண்டு போனபோதுதான் எனக்குப் பிடித்த விஷயம் கிடைத்தது. இளம் ஆட்டக்காரனின் இடத்தை மாற்றிப் பார்ப்பதற்கான பட்டறையும் அதுதான். பேஸ்பாலில் களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் ஒவ்வொரு இடம், ஒவ்வொரு வேலை. பந்து எறிபவர் பிட்சர். அடிப்பவருக்குப் பின்னால் குத்தவைத்து உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர் கேட்சர், அதாவது நம்ம விக்கெட் கீப்பர். மற்றவர்கள் உள்வட்டத்திலும் வெளிவட்டத்திலும் நிற்பார்கள். ஒரு பையன் பதினேழு வயதில் கேட்சராகச் சேருகிறான். நாலைந்து வருஷம் ஆகியும் பேட்டிங் வரவில்லை. கை மட்டும் பீரங்கி மாதிரி. அவனை என்ன செய்வது? வீட்டுக்கு அனுப்பலாம். அல்லது, "கையுறையைக் கழற்று, மேட்டில் ஏறிப் பந்து எறி" என்று சொல்லிப் பார்க்கலாம்.

கென்லி ஜான்சன் என்பவருக்கு அதுதான் நடந்தது. கரீபியன் கடலில் இருக்கும் குராசோ தீவுக்காரர். 2004ல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அவரை கேட்சராக எடுத்தது. மைனர் லீகில் ஆண்டுக்கணக்கில் ஆடியும் பேட்டிங் தேறவில்லை. 2009 தொடக்கத்தில் நெதர்லாந்து அணிக்கு உலகப் போட்டியில் கேட்சராக ஆடினார். உட்கார்ந்த இடத்திலிருந்து அவர் எறிந்த ஒரு பந்தில், ஓடிவந்த எதிரணிக்காரர் ஆட்டமிழந்ததைப் பலரும் பார்த்தார்கள். அதே ஆண்டு நடுவில் அவரைப் பிட்சராக மாற்றினார்கள். ஓராண்டுதான். 2010 ஜூலை 24 அன்று மேஜர் லீகில் பந்து எறிந்துகொண்டிருந்தார். ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் வந்து வெற்றியைக் காப்பாற்றிக் கொடுப்பதை 'சேவ்' என்று கணக்கு வைப்பார்கள். ஜான்சன் 2023ல் நானூறாவது சேவைக் கடந்தார். அந்த விளையாட்டின் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றில் நானூறைத் தொட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. பேஸ்பால் என்றால் உலகமே சொல்லும் பெயர் பேப் ரூத். அவர் பாஸ்டனில் பந்து எறிபவராகத்தான் வந்தார், அதுவும் முதல்தரமான பிட்சர். 1916ல் மட்டும் 23 வெற்றிகள். அவருடைய அடியைப் பார்த்து மெல்ல மெல்ல வெளிவட்டத்துக்கு மாற்றினார்கள், தினமும் பேட் செய்யட்டும் என்று. 1919ல் 29 ஹோம் ரன். நியூயார்க்குக்கு விற்கப்பட்ட அடுத்த ஆண்டு 54. ஆனால் ரூத் கதையை ஏழை வீட்டுப் பையனிடம் சொல்லிப் பயனில்லை. இரண்டு வேலையிலும் மன்னனாக இருந்தவரின் கதை அது. ஒரு வேலையில் தோற்று இன்னொன்றைத் தேடிய ஜான்சன் கதைதான் நமக்கு நெருக்கம்.

இனி நம்ம ஊர். நமக்கு மைனர் லீக் இல்லையா என்றால், இருக்கிறது. 1930களிலிருந்து சென்னையில் நடந்துவரும் டிவிஷன் லீக்தான் அது. மேலே முதல் டிவிஷன், கீழே இரண்டு, மூன்று, நான்கு என்று படிகள். கீழே ஜெயித்த அணி மேலே போகும், மேலே தோற்றது கீழே இறங்கும். ஸ்டேட் பேங்க், இந்தியா பிஸ்டன்ஸ், கெம்ப்ளாஸ்ட் என்று வங்கிகளும் கம்பெனிகளும் அணி வைத்துக்கொண்டு, ஆட்டக்காரனுக்கு ஒரு மேசையும் மாதச் சம்பளமும் கொடுத்த காலம் நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். மேசை பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கும், ஆள் மைதானத்தில் இருப்பார். அதைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அதில் குறை தெரியவில்லை. அரிசிக் கவலை இல்லாதவனால்தான் ஒரு பருவம் முழுக்க மோசமாக ஆடிவிட்டு, அடுத்த பருவத்தில் வேறு ஏதாவது முயன்று பார்க்க முடியும்.

இடம் மாறியவர்களில் என் தலைமுறைக்குத் தெரிந்த முதல் பெயர் டபிள்யூ.வி. ராமன். இப்போதைய பையன்கள் அவரைத் தொலைக்காட்சி வர்ணனைக்காரராகவோ, பெண்கள் அணியின் முன்னாள் பயிற்சியாளராகவோ அறிவார்கள். 1980களின் தொடக்கத்தில் அவர் தமிழ்நாட்டு அணிக்குள் வந்தது இடதுகைச் சுழற்பந்து வீச்சாளராக. பேட்டிங்கில் கீழ்வரிசை. அப்போது தமிழ்நாட்டில் இடதுகைச் சுழலுக்குப் பஞ்சமில்லை. எஸ். வாசுதேவன் இருந்தார், அவர் தலைமையில்தான் 1987-88ல் ரஞ்சிக் கோப்பையை 33 ஆண்டுகளுக்குப் பிறகு மீண்டும் வென்றோம். அதே வேலைக்கு ஏற்கனவே ஒரு மூத்தவர் நிற்கும்போது இளையவன் என்ன செய்வான்? ராமன் பேட்டைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். ஏறியவர் தொடக்க ஆட்டக்காரராகவே ஆகிவிட்டார்.

1988 ஜனவரியில் சென்னை சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிரான டெஸ்ட். நரேந்திர ஹிர்வானி பதினாறு விக்கெட் எடுத்த ஆட்டம் என்றால் உடனே ஞாபகம் வரும். அது ராமனுக்கும் முதல் டெஸ்ட். இரண்டாம் இன்னிங்ஸில் 83 ஓட்டங்கள் எடுத்தார். ஹிர்வானி வெளிச்சத்தில் அது மறைந்துபோனது. அடுத்த 1988-89 பருவத்தில் அவர் செய்தது மறைக்க முடியாதது. ரஞ்சிப் போட்டிகளில் மட்டும் 1018 ஓட்டங்கள். 1944-45ல் ரூசி மோடி எடுத்த 1008தான் அதுவரை சாதனை. நாற்பத்து நாலு ஆண்டுகள் நின்ற எண்ணைப் பத்து ஓட்டத்தில் தாண்டினார். அந்தப் பருவத்தில்தான் பணஜியில் கோவாவுக்கு எதிராக ராமன் 313, அர்ஜன் கிருபால் சிங் ஆட்டமிழக்காமல் 302, தமிழ்நாடு ஆறு விக்கெட்டுக்கு 912 என்று டிக்ளேர் செய்தது. ஒரே இன்னிங்ஸில் இரண்டு முச்சதம்! (கோவா ஃபீல்டர்களை நினைத்தால் இன்றும் எனக்குக் கால் வலிக்கிறது.) 1992 டிசம்பரில் செஞ்சூரியனில் ராமன் அடித்த 114, தென்னாப்பிரிக்க மண்ணில் ஓர் இந்தியர் அடித்த முதல் ஒருநாள் சதம். டெஸ்டில் அவருக்குச் சதம் வாய்க்கவில்லை, 96ல் நின்றுவிட்டது. பந்துவீச்சாளராகவே இருந்திருந்தால் இதில் பாதியாவது கிடைத்திருக்குமா என்பது என் சந்தேகம்.

ராமனுக்கு நேர் தலைகீழ் அஸ்வின். பள்ளி நாட்களில் அவர் தொடக்க ஆட்டக்காரர், கொஞ்சம் மிதவேகப் பந்தும் வீசுவார். பதினாலு வயதில் இடுப்புப் பகுதியில் அடி. மாதக்கணக்கில் படுக்கை. திரும்பி வந்தபோது தொடக்க ஆட்டக்காரர் இடத்தில் வேறொருவர் நின்றுகொண்டிருந்தார். செயின்ட் பீட்ஸ் பள்ளியில் பயிற்சியாளராக இருந்த விஜய்தான் அவரை ஆஃப் ஸ்பின் பக்கம் திருப்பியவர் என்பார்கள். பதின்ம வயதில் தற்செயலாக நடந்த அந்த மாற்றத்தின் முடிவு 106 டெஸ்டில் 537 விக்கெட். பழைய தொழிலையும் அவர் மறக்கவில்லை, ஆறு டெஸ்ட் சதம் அடித்துவிட்டுத்தான் 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றார். அஸ்வினைப் பற்றி ஏற்கனவே எல்லாரும் எழுதிவிட்டார்கள், நான் நகர்கிறேன்.

நான் எழுத உட்கார்ந்ததே வருண் சக்கரவர்த்திக்காக. ஜான்சன் கதையைப் படித்த அன்றே எனக்கு வருண்தான் நினைவுக்கு வந்தார். இரண்டு பேரும் தொடங்கியது ஸ்டம்புக்குப் பின்னால், கையுறையோடு.

வருண் 1991ல் பிறந்தவர். பதிமூன்று வயதிலிருந்து பதினேழு வயதுவரை விக்கெட் கீப்பர், பேட்ஸ்மேன். வயதுவாரி அணித் தேர்வுகளுக்குப் போவார், பெயர் வராது. மறுபடி போவார், வராது. பதினேழில் ஆட்டத்தையே விட்டுவிட்டார். எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தில் ஐந்தாண்டு கட்டடக்கலை படித்தார். பட்டம் வாங்கி, கட்டட வரைபடம் போட்டுச் சம்பாதித்தார். நடுவில் 2014ல் வந்த 'ஜீவா' படத்தில் ஒரு சின்ன வேடத்திலும் தலைகாட்டினார். அந்தப் படத்தின் கதையே, சென்னையில் திறமையுள்ள பையனுக்குக் கிரிக்கெட்டில் இடம் கிடைக்காமல் போவதுதான்!

வேலை பார்த்துக்கொண்டே மாலையில் டென்னிஸ் பந்து ஆட்டம். நம் தெருவில், களத்துமேட்டில் ஆடுகிற அதே ஆட்டம். டென்னிஸ் பந்தில் விரலால் சுண்டி, உள்ளங்கையால் அழுத்தி, முட்டியை மடக்கி என்னென்னவோ வித்தை காட்டலாம், பந்து கேட்கும். அங்கே கற்றதை அவர் மறக்கவில்லை. இருபத்தைந்தை நெருங்கும் வயதில், வேலையை விட்டுவிட்டு மறுபடி கிரிக்கெட்டுக்கு வந்தார். பெற்றவர்கள் நிலையில் நம்மை வைத்துப் பாருங்கள். கட்டடக்கலைப் பட்டதாரி மகன், பதினேழு வயதிலேயே வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவன், இப்போது மீண்டும் பந்து வீசப் போகிறேன் என்கிறான். நம்மில் எத்தனை பேர் சரி என்றிருப்போம்?

இந்தத் தடவை கீப்பராக வரவில்லை. க்ரோம்பெஸ்ட் என்ற கிளப்பில் மிதவேகப் பந்துவீச்சாளராக, ஆல்ரவுண்டராகச் சேர்ந்தார். இரண்டாவது ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று. ஓடிவந்து வீச முடியாது. ஆக, கீப்பிங் போனது, பேட்டிங் போனது, வேகமும் போனது. நாலடி நடந்து வந்து வீசும் சுழற்பந்து ஒன்றுதான் பாக்கி. டென்னிஸ் பந்து வித்தைகளைத் தோல்பந்துக்குக் கொண்டுவர ஆரம்பித்தார். கணக்கு வாத்தியார் பாஷையில் சொன்னால், ஒவ்வொன்றாகக் கழித்துக் கழித்து மிஞ்சியதுதான் விடை.

2017-18ல் ஜூபிலி கிரிக்கெட் கிளப்புக்காக நான்காவது டிவிஷனில் ஆடினார். நான்காவது டிவிஷன் என்றால் கூட்டம் கிடையாது, கேமரா கிடையாது, பத்திரிகையில் ஒரு வரி வந்தால் அதிகம். ஆறு பந்தும் அகலப் போனாலும் கேலி செய்ய ஆளில்லை. இந்தியாவுக்கு ஆடியவர்கள் இருக்கும் முதல் டிவிஷனில் ஒருவர் நாலைந்து புதுப் பந்துகளைப் பரீட்சை செய்து பார்க்க முடியாது, இரண்டாவது ஆட்டத்திலேயே உட்கார வைத்துவிடுவார்கள். வருண் கீழே நிதானமாகச் செய்து பார்த்தார். ஏழு ஆட்டங்களில் 31 விக்கெட். ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ஓட்டம் சராசரி 8.26.

பிறகு எல்லாம் வேகம். 2018ல் தமிழ்நாடு பிரீமியர் லீகில் மதுரை பாந்தர்ஸ், அந்த ஆண்டு அவர்களே சாம்பியன். விஜய் ஹசாரே போட்டியில் ஒன்பது ஆட்டத்தில் 22 விக்கெட். அந்த டிசம்பர் ஐபிஎல் ஏலத்தில் 20 லட்சம் அடிப்படை விலையில் நின்றவரை பஞ்சாப் அணி எட்டுக் கோடியே நாற்பது லட்சத்துக்கு எடுத்தது. 2019 மார்ச் 27, ஈடன் கார்டன்ஸ். முதல் ஓவரிலேயே சுனில் நரைன் அவரை 25 ஓட்டங்களுக்கு வெளுத்தார். அந்தப் பருவத்தில் ஆடியது அந்த ஒரே ஆட்டம், அதன் பின் விரலில் காயம். பஞ்சாப் அவரை விட்டுவிட்டது. அடுத்து எடுத்தது கொல்கத்தா. அங்கே வலைப் பயிற்சியில் பக்கத்தில் நின்றவர் யார் தெரியுமா? அதே நரைன்.

2021ல் இந்திய அணிக்கு வந்தார். அந்த ஆண்டு டி20 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டம், ஒரு விக்கெட்டும் இல்லை. மூன்றாண்டுகள் வெளியே. 2024ல் கொல்கத்தா ஐபிஎல் கோப்பை வென்றபோது அவர் கணக்கில் 21 விக்கெட். அக்டோபரில் மறுபடி இந்திய அணி. 2025 பிப்ரவரியில் கட்டாக்கில் முதல் ஒருநாள் ஆட்டம் ஆடும்போது வயது 33. அவரைவிட மூத்த வயதில் இந்தியாவுக்காக ஒருநாள் அறிமுகம் ஆனவர் ஃபரூக் எஞ்சினியர் ஒருவர்தான். (எஞ்சினியரும் கீப்பர் என்பது தற்செயல்.) அடுத்த மாதமே துபாயில் சாம்பியன்ஸ் கோப்பை. நியூசிலாந்துக்கு எதிராக 42 ஓட்டத்துக்கு ஐந்து விக்கெட். மூன்றே ஆட்டத்தில் ஒன்பது விக்கெட், கோப்பை இந்தியாவுக்கு.

கீப்பராக நின்ற அந்த நாலு வருஷம் வீண் என்று சிலர் சொல்லக்கூடும். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஸ்டம்புக்குப் பின்னால் நிற்பவன் ஒவ்வொரு பந்துக்கும் பந்துவீச்சாளரின் விரலைப் பார்க்கிறான். பேட்ஸ்மேனின் கால் எந்தப் பந்துக்குத் தடுமாறுகிறது, தோள் எப்போது திறக்கிறது என்று மூன்றடி தூரத்திலிருந்து படிக்கிறான். கேட்சரும் அப்படித்தான், பிட்சர் அடுத்து என்ன எறிய வேண்டும் என்று விரலால் சைகை காட்டுவதே அவர்தான். ஜான்சனும் வருணும் மறுமுனைக்குப் போனபோது வெறுங்கையோடு போகவில்லை. ரிங்குவுக்கும் தினேஷுக்கும் வாய்க்காதது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கை இருந்தது, உழைப்பு இருந்தது. ஆனால் அந்த ஆட்டத்துக்குள்ளேயே இன்னொரு மூலையில் உட்கார்ந்து பார்த்த வருஷங்கள் அவர்களுக்கு இல்லை. அப்படியிருந்தும் ரிங்கு அவ்வளவு தூரம் ஏறியது பெரிய விஷயம்.

நமக்குப் பக்கத்து ஆள் ஒருவரைச் சொல்லாமல் விட்டால் சேலத்துக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். சின்னப்பம்பட்டி நடராஜன். இருபது வயதுவரை டென்னிஸ் பந்துதான். ஊர்க்காரர் ஜெயப்பிரகாஷ் அவரைச் சென்னைக்கு அழைத்துப்போய் விட்டார். அங்கேயும் தொடங்கியது நான்காவது டிவிஷன்தான், பி.எஸ்.என்.எல். அணி. 2015 ஜனவரியில் வங்காளத்துக்கு எதிராக முதல் ரஞ்சி ஆட்டம் ஆடிய கையோடு, பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று புகார். இடத்தை மாற்றவில்லை, ஆனால் கையையே மாற்ற வேண்டியிருந்தது. சுனில் சுப்ரமணியம் முதலான பயிற்சியாளர்கள் உதவியோடு முழுப் பந்துவீச்சையும் கலைத்துப்போட்டு மறுபடி கட்டினார். 2020 இறுதியில் ஆஸ்திரேலியாவுக்கு வலைப் பந்துவீச்சாளராகப் போனவர், ஒரே சுற்றுப்பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமாகி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் வெற்றியிலும் இருந்துவிட்டுத்தான் ஊர் திரும்பினார்.

நம்ம மலைக்கு வருவோம். வல்வில் ஓரி ஆண்ட மலை, ஒரே அம்பில் யானை முதல் உடும்பு வரை துளைத்தவன் என்று புறநானூற்றில் இருக்கிறது. குறிக்கும் கைக்கும் இங்கே பஞ்சமிருந்ததில்லை. சமமான தரைக்குத்தான் பஞ்சம். அறுவடை முடிந்த வயலில் ஆடினால் ஒரு பக்கம் காபித் தோட்டம், இன்னொரு பக்கம் ஓடை. கீழ்ப்பக்கம் அடித்தால் நாலு, பந்து கிடைத்தால். கீப்பர் வேலை எப்போதும் ஆக இளைய பையனுக்கு, ஏனென்றால் தவறிய பந்துக்குச் சரிவில் இறங்கி ஓட வேண்டியது அவன்தான்.

நான் வேலை பார்த்த காலத்தில் அப்படி ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். கீப்பிங் சுமார். ஆனால் தவறிய பந்தைச் சரிவிலிருந்தே எறிவான், அது அன்னாசி வேலியைத் தாண்டி நேராக ஸ்டம்பில் வந்து விழும். பதினாறு வயதில் கீழே ஒரு தேர்வுக்குப் போனான். கீப்பராகப் பெயர் கொடுத்தான், கீப்பராகப் பார்த்தார்கள், கீப்பராகவே வேண்டாம் என்றார்கள். பந்து போடச் சொல்லிப் பார்க்க அங்கே யாருக்கும் நேரமில்லை. மறு தேர்வுக்கு அவன் போகவில்லை. போக வர எழுபது கொண்டை ஊசி வளைவு, பஸ் காசு, ஒருநாள் கூலி. இப்போது மினி லாரியில் பலாப்பழமும் அன்னாசியும் ஏற்றிக்கொண்டு அதே எழுபது வளைவும் தினம் இறங்குகிறான். நன்றாகத்தான் இருக்கிறான். வழியில் பார்த்தால் வண்டியை நிறுத்தி, "சார், ஏறுங்க" என்பான்.

வருணுக்கும் பதினேழில் அதே பதில்தான் கிடைத்தது. ஆனால் இருபத்தைந்தில் அவர் வீட்டிலிருந்து போகும் தூரத்தில் ஒரு நான்காவது டிவிஷன் இருந்தது.

இன்று நிலைமை கொஞ்சம் தேவலை. 2020ல் வாழப்பாடி பக்கத்தில் சேலம் கிரிக்கெட் மைதானம் திறந்தார்கள். தமிழ்நாடு பிரீமியர் லீக் ஆட்டங்களே அங்கே நடக்கின்றன. இந்தப் பக்கத்துப் பையன்கள் சென்னைக்குத்தான் ரயிலேற வேண்டும் என்ற கட்டாயம் குறைந்திருக்கிறது. மலையிலிருந்து போகிறவர்களுக்கு மட்டும் ஒரு சிக்கல். காலையில் தேர்வு என்றால் அன்று விடிந்து இறங்கினால் நேரத்துக்குப் போய்ச்சேர முடியாது, முதல்நாளே கீழே போய்த் தங்க வேண்டும். கீழே சொந்தக்காரர் வீடு இல்லாத பையன் யாராவது உங்கள் ஊரில் இருந்தால் என்னிடம் சொல்லுங்கள். சேந்தமங்கலத்தில் தம்பி வீட்டு மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது, அவனிடம் பேசிவிட்டேன். பையன் எந்த இடத்தில் ஆடுகிறான் என்று நான் கேட்கப்போவதில்லை. இரவு எட்டு மணிக்குள் வந்துவிட்டால் சாப்பாடும் இருக்கும்.